அக்கா வீட்டுக்குப் போன நிலம்

1954 ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி மதியம் ஒன்றரை மணிக்கும் நாலரை மணிக்கும் இடையே, ஹெல்மர் ஓப்டாலின் நூற்று அறுபது ஏக்கர் நிலம் எழுந்து, வேலியைத் தாண்டி, அவன் அக்கா பெர்கிட்டின் நிலத்தின்மேல் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு வடமேற்குக் காற்று மணிக்கு ஐம்பத்தெட்டு மைல் வேகம். நல்ல வெயில், மழை இல்லை. உழவுச் சால் ஒன்றுகூடக் கலையவில்லை. நிலத்தின் மூலையில் ஹெல்மர் மறந்து வைத்திருந்த எனாமல் கோப்பை, பாதிக் காப்பி சிந்தாமல், அக்காவின் நிலத்தில் அதே மூலையில் இருந்தது. ஹெல்மரின் வீடும் மாட்டுக் கொட்டகையும் கிணறும் இருந்த இடத்திலேயே ஓரடி கீழே இறங்கியிருந்தன. ஒரு கண்ணாடியும் விரிசல் விடவில்லை. சமையலறையில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி ஓட்டிலியா, என்ன இது, சாலை உயரமாகத் தெரிகிறதே என்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஹெல்மர் உள்ளே வந்து, தொப்பியைத் தட்டித் தூசியை உதறிவிட்டு, "இன்னிக்குக் கொஞ்சம் காத்து" என்றான்.

வடக்கு டகோட்டாவின் கார்ஸ்டன் மாவட்டத்து ஆண்கள் எதைப் பற்றியும் இவ்வளவுதான் பேசுவார்கள். அக்டோபரில் பிடிக்கிற குளிர் அங்கே ஏப்ரல்வரை விடாது. ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி போகும். துப்பினால் எச்சில் உறைந்து தரையில் விழுகிற சத்தம் கேட்கும். மார்ச்சில் பனிப்புயல் வந்தால் வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். ஏப்ரலில் காற்று, ஜூனில் இடி. ஜூலையில், கோதுமை கதிர்பிடித்து நிற்கிற வாரமாகப் பார்த்து ஆலங்கட்டி. ஆகஸ்டில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயில் அடிக்கும், செப்டம்பர் பத்தாம் தேதிக்கெல்லாம் உறைபனி விழும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஒன்று வாய்விட்டு அழுவான், இல்லை மூட்டையைக் கட்டுவான். இவர்களோ இதையெல்லாம் தாங்களே சம்பாதித்த சொத்து மாதிரி வைத்துக்கொண்டு ஜம்பம் அடிப்பார்கள். அந்த ஜம்பத்தையாவது வாய்திறந்து அடிப்பார்களா என்றால் அதுவும் இல்லை. "பரவால்ல, இதவிட மோசமா பாத்திருக்கோம்" என்று தாடைக்குள் முனகிவிட்டு, எதிராளி மெச்சுகிறானா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அப்படி ஒரு கூட்டம்.

எல்லா வீம்புக்கும் மேலான வீம்பு அவர்களுடைய அக்டோபர் உழவு. அறுவடை முடிந்த கையோடு நிலத்தை ஆழப் புரட்டி, அறுத்து மிஞ்சிய அரிதாள் ஒன்றுகூட வெளியே தெரியாமல், கன்னங்கரேலென்று, கோடு கிழித்த மாதிரி சால் போட்டுவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆண்கள் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒருவன் நிலத்தை ஒருவன் பார்த்துவருவார்கள். எவன் நிலத்தில் ஒரு துரும்பு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவனுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்கக் குப்பைக்காரன் என்று பெயர். மூடாமல் கிடக்கிற கறுப்பு மண்ணை ஏப்ரல் காற்று வாரிக்கொண்டு போகும் என்று இவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சாலையோரத்துப் பனி வருஷா வருஷம் கறுத்துத்தான் கிடந்தது. ஆனாலும் நாலு பேர் பார்ப்பார்களே! ஹெல்மர் போடுகிற சால் மாவட்டத்திலேயே நேரானது. அவனைவிட மூன்று வயது மூத்தவள் பெர்கிட். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், அப்பா பிரித்துக்கொடுத்த பாதியைத் தனியாளாகப் பயிர்செய்தாள். அவள் மட்டும் அரிதாளை உழாமல் நிற்கவிட்டாள். பனி அதில் சிக்கி நின்று உருகி நிலத்துக்குள்ளேயே இறங்கியது, மண்ணும் இருந்த இடத்தில் இருந்தது. புத்திசாலித்தனத்தை அந்த ஊர் மன்னிக்காது. அவளுக்கு நிரந்தரமாகவே குப்பைக்காரி என்று பெயர்.

நார்வேயிலிருந்து வந்த அந்தக் குடும்பங்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. காப்பி வேண்டுமா என்று கேட்டால், முதல் தடவை வேண்டாம் என்று சொல்லவேண்டும். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்லவேண்டும். மூன்றாம் தடவை கேட்டால்தான், சரி, அரைக் கோப்பை போதும் என்று சொல்லி, மூன்று கோப்பை குடிக்கலாம். நாக்கு வறண்டு செத்தாலும் இந்த எண்ணிக்கை தப்பாது. ஓட்டிலியா தெற்கு மாவட்டத்தில், ருஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியர்கள் நடுவே பிறந்தவள். அவர்கள் தர்ப்பூசணியை மடியில் வைத்து உடைத்துத் தின்பவர்கள், சத்தம்போட்டுச் சிரிப்பவர்கள், கேட்டதும் ஆமாம் என்பவர்கள். 1947இல் புது மருமகளாக பெர்கிட்டின் வீட்டுக்கு வந்தபோது, "காப்பி குடிக்கறியா?" என்று நாத்தனார் கேட்டதும், "குடிக்கறேன் அண்ணி, ரெண்டு கேக்கும் குடுங்க" என்று சொல்லிவிட்டாள். அறையில் இருந்த பதினோரு பேரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்தார்கள். பெர்கிட் அதை ஏழு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நிலம் போனதற்கு அடுத்த ஞாயிறு, தேவாலய வாசலில் பெர்கிட் தம்பியிடம் வந்தாள். "டேய், உன் மண்ணு பூரா என் பக்கம் கெடக்கு. எடுத்துக்கறியா?" என்றாள். "இல்லக்கா, இருக்கட்டும்" என்றான் ஹெல்மர். நவம்பரில், சாம்பல் காரத்தில் ஊறவைத்து அவித்த மீனை ஊரே கூடித் தின்னும் சபை விருந்தில், கொழகொழவென்ற அந்த மீனை அவன் தட்டில் வைத்துக்கொண்டே, "அந்த மண்ணு விஷயம். எடுத்துக்கறியாடா?" என்று இரண்டாம் தடவை கேட்டாள். "உனக்கு எதுக்குக்கா சிரமம்" என்றான் அவன். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. பாக்கி ஒரு தடவைதான். வசந்தம் வருவதற்குள் அவளும் கேட்டிருப்பாள், அவனும் சரி என்றிருப்பான், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பிப்ரவரியில் ஹெல்மர் தானியக் கிடங்கின் காப்பி மேஜையில் உட்கார்ந்து, "என் மண்ணு ஏன் அங்க போச்சு தெரியுமா? எங்கக்கா குப்பையப் பாத்து வெக்கப்பட்டுப் போர்வை போத்தப் போயிருக்கு" என்று சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தான். பிறந்ததிலிருந்து அவன் அடித்த ஒரே ஜோக் அது. மாலைக்குள் பெர்கிட்டின் காதுக்குப் போய்விட்டது. அவள் மூன்றாம் தடவை கேட்கவில்லை. அந்த வருஷமும் கேட்கவில்லை, அதற்கடுத்த பதினேழு வருஷமும் கேட்கவில்லை.

ஹெல்மர் மட்டும் சும்மா இருந்தானா? ஒவ்வோர் அக்டோபரிலும் மிச்சம் இருந்ததை உழுதான். கறுப்பு மண் போய் மஞ்சள் களிமண் வந்தது. அதையும் நேராகச் சால் போட்டு உழுதான். ஏப்ரலில் அதுவும் எழுந்து அக்கா வீட்டுக்குப் போயிற்று. களிமண்ணுக்கு அடியில் சரளை வந்தது, அதையும் உழுதான். வீடு வருஷத்துக்கு இரண்டடி, மூன்றடி இறங்கியது. ஒவ்வொரு மே மாதமும் சாலையிலிருந்து வாசலுக்கு இறங்க அவன் புதிதாகப் படி வெட்டினான், அதையும் மட்டம் பார்த்து ஒழுங்காக வெட்டினான். பெர்கிட்டின் பக்கம் அதே அளவு உயர்ந்தது. அவளுடைய அரிதாள் தனக்கு வந்ததையெல்லாம் பிடித்துவைத்துக்கொண்டது. அவள் வீடும் மேலேறியது. மட்டக் கோதுமைப் பூமியில், ஒரு பக்கம் குன்றும் பக்கத்திலேயே குழியுமாக ஓப்டால் குடும்பத்து நிலம் நின்றது. ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து, "சாலு நேராத்தான் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

குழிக்குத் தனிப் பருவம் வந்தது. குளிர் கனமானது, எப்போதும் தாழ்வான இடம் தேடி வந்து படுக்கும். மாவட்டத்துக் குளிரெல்லாம் இரவில் உருண்டு வந்து ஹெல்மரின் முற்றத்தில் சேர்ந்தது. காலையில் அதைக் கதவால் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரவேண்டியிருந்தது. இலேசான மழை குன்றின்மேலேயே நின்று பெய்துவிட்டுப் போய்விடும். ஆலங்கட்டி மட்டும் உருண்டுருண்டு கீழே வந்துசேரும். 1960இல் மேலே மே மாதம் பூத்த லைலாக் செடி, கீழே ஜூலையில் மொட்டு விட்டது. 1966இல் குழியின் கோடை முப்பத்தொரு நாள். 1972இல் பதினொரு நாள், அதிலும் ஒரு நாள் மதியத்துக்குமேல்தான். சூரியன் பத்து மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போனான். பசுக்களுக்கு ஆடு மாதிரி ரோமம் வளர்ந்தது. பால் கறந்தால் வாளியில் விழுவதற்குள் கட்டியாகி டணால் டணால் என்று சத்தம் கேட்டது. எப்படி இருக்கிறது என்று யாராவது மேலேயிருந்து கேட்டால், "பரவால்ல, காத்து இல்ல" என்பான் ஹெல்மர். அது உண்மைதான், குழிக்குள் காற்றே கிடையாது.

ஓட்டிலியாவிடம் ஒரு தகர டப்பாவில் அம்மா வீட்டுத் தர்ப்பூசணி விதை இருந்தது. அதற்கு எண்பத்தைந்து நாள் வெயில் வேண்டும், சூடான கறுப்பு மண் வேண்டும். ஒவ்வொரு வருஷமும் நாலு விதை போட்டாள். முதலில் எலுமிச்சை அளவு காய்த்தது, பிறகு பூவோடு நின்றது, பிறகு இரண்டிலையோடு கருகியது. அவள் அதிகம் கேட்கவில்லை. கையை உள்ளே விட்டால் கதகதப்பாக இருக்கிற நாலு முழ மண்ணைத்தான் கேட்டாள். 1961இல் பொறுக்கமாட்டாமல் சாக்கை எடுத்துக்கொண்டு குன்றின்மேல் ஏறினாள். பெர்கிட் காப்பி வேண்டுமா என்று கேட்டாள், ஓட்டிலியா வழக்கம்போல உடனே வாங்கிக் குடித்தாள். ஒரு சாக்கு மண் அள்ளிக்கொள்ளட்டுமா என்றாள். "அள்ளிக்கோ. ஆனா நிக்காது பாரு" என்றாள் பெர்கிட். அப்படியேதான் ஆயிற்று. கடைசிப் படியில் கால் வைத்ததும் சாக்கின் இழை வழியே மண் நூல் நூலாக வெளியேறி, காற்றே இல்லாத அந்தக் குழியிலிருந்து எழும்பி, மேலே போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மண்ணும் அந்த வம்சத்து மண்தானே! மூன்று தடவை கேட்டு முறைப்படி கொடுத்தால்தான் அசையும்.

அன்றைக்கு ஓட்டிலியா காலி சாக்கைச் சமையலறைத் தரையில் வீசி எறிந்தாள். "ஒரு வார்த்த கேளுங்களேன் உங்கக்காவ. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்றாள். ஹெல்மர் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டே, "அவ இன்னும் மூணாவது தடவ கேக்கலியே" என்றான். "அவங்க கேக்காட்டி நீங்க கேக்கறது!" "நாமளா? நல்லாருக்கே நீ பேசறது. நாம போய்க் கேட்டா ஊர்ல என்ன நெனப்பாங்க?" ஊர் மேலே இருந்தது, இவர்கள் கிணற்றுத் தவளை மாதிரி கீழே இருந்தார்கள், இதில் ஊர் நினைப்பதாம்! ஓட்டிலியா தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் பன்னிரண்டு வருஷம் அவனிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. ரொட்டி சுட்டாள், பசுக்களுக்குக் கம்பளிச் சட்டை தைத்தாள், அவனை மனசுக்குள் திட்டினாள். விட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும், இந்த வருஷம் அந்தக் கிழவி கேட்டுவிடுவாள், இந்த மனுஷனும் சரி என்று சொல்லிவிடுவான் என்று அவள் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு அவன்மேல் பிரியம் இருந்தது, அதற்கு என்ன செய்ய.

1973 அக்டோபர் ஆறாம் தேதி சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு பெர்கிட் படியிறங்கி வந்தாள். அறுபத்தாறு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மேலே எழுபது டிகிரியில் இதமான வெயில் அடித்தது, கீழே பனி முழங்கால்வரை கிடந்தது. அவள் பூப்போட்ட மெல்லிய கவுனோடு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து நடுங்கினாள். ஓட்டிலியா, "காப்பி வேணுமா அண்ணி?" என்றாள். "வேணாம்மா" என்றாள் பெர்கிட். ஓட்டிலியா சரி என்று கெட்டிலை அடுப்பிலேயே வைத்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்துக் கணக்கை ஒரே நிமிஷத்தில் தீர்த்துவிட்டதில் அவளுக்குப் பரம திருப்தி. பெர்கிட் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"டேய் ஹெல்மர். எனக்கு இனிமே முடியாது. இந்த வருஷம் நான் மேல இருக்கறத சுத்தமா உழுதுடறேன். ஒரு தாளு தெரியாம, நீ உழற மாதிரியே கறுப்பா. வசந்தத்துல ஒரு நாளு காத்து தென்கிழக்குலேர்ந்து திரும்பி அடிக்கும். ஒரே மத்தியானம், அம்புட்டும் உங்கிட்ட வந்துடும். எடுத்துக்கறியா?"

தன் நிலத்தை உழுகிறேன் என்று பெர்கிட் ஓப்டால் சொன்னதை நினைத்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க அந்த முட்டாள் ஊரின் முகத்தில் காறித் துப்பிக்கொண்டு நின்றவள், தம்பிக்காகத் துப்பினதை விழுங்குகிறேன் என்று வந்திருந்தாள். ஓட்டிலியாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. சொல்லு, சொல்லித் தொலை என்று அவள் உதடு அசைந்தது. ஹெல்மர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேண்டும்தான். பத்தொன்பது வருஷமாக ராத்திரிதோறும் அந்த மண்ணின் வாசனை கனவில் வந்தவன்தான். ஆனால் அவன் மண்டைக்குள் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை கேட்டு இவ்வளவு காலமாகிவிட்டதே. இப்போது கேட்பது மூன்றாவதா, அல்லது முதலிலிருந்து ஆரம்பிக்கிறாளா? மூன்றாவது என்று நினைத்து இவன் சரி என்று சொல்ல, அவள் முதலாவது என்று நினைத்திருந்தால்? அலைகிறான் என்று நினைத்துவிடுவாளே. மரியாதை தெரிந்தவன் சந்தேகம் வந்தால் முதலிலிருந்துதான் ஆரம்பிப்பான்.

"இல்லக்கா, இருக்கட்டும்" என்றான்.

கெட்டில் கொதித்து மூடி தடதடவென்று ஆடியது. பெர்கிட் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ மனுஷனே இல்லடா. கல்லு" என்றாள். நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். அவள் கதவுவரை போய்விட்டாள். அப்போது ஓட்டிலியா, "எனக்கு வேணும் அண்ணி" என்றாள்.

"என்ன வேணும்?"

"மண்ணு. அது வரமாட்டேங்குது, நான் வரேன். மேல ஒரு ரூமு இருக்கில்ல?"

பெர்கிட் பழக்க தோஷத்தில், "நெஜமாவா சொல்ற? யோசிச்சுச் சொல்லு" என்றாள்.

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? நான் ஒரு தடவதான் சொல்லுவேன்."

ஓட்டிலியா விதை டப்பாவை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். ஹெல்மர் ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய கோட்டை எடுத்து நீட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆனாலும், போகாதே என்று அந்த வாயிலிருந்து வரவில்லை. "குளிரும். கோட்டுப் போட்டுக்கிட்டுப் போ" என்றான்.

"யோவ், மேல கோட்டு வேணாம்யா" என்றாள் ஓட்டிலியா. சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பெண்களும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, இருபது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, மூன்று மணிக்கு மேலே போய்ச்சேர்ந்தார்கள். ஓட்டிலியா காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, புருஷனுடைய கறுப்பு மண்ணில் வெறுங்காலோடு இருட்டும்வரை நின்றாள்.

பெர்கிட் அந்த வருஷமும் உழவில்லை. அடுத்த ஆகஸ்டில் தெற்குச் சரிவில் ஒன்பது தர்ப்பூசணி காய்த்தது. பெரியது முப்பத்திரண்டு பவுண்டு. ஊர்க்காரர்கள் வந்து பார்த்து, "பரவால்ல" என்றார்கள். ஆனாலும் ஒருவனும் தன் நிலத்தில் அரிதாளை நிற்கவிடவில்லை.

ஹெல்மர் கீழேயே இருந்தான். ஓட்டிலியா தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குக் குன்றின் விளிம்புக்கு வந்து, கயிற்றில் கட்டிய வாளியில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, "சாப்பிடறீங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்பாள். சொன்ன சொல் மாறாதவள், இரண்டாம் தடவை கேட்கமாட்டாள். முதல் நாள் கீழேயிருந்து, "வேணாம், இருக்கட்டும்" என்று குரல் வந்தது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டாம் நாள், "உனக்கு எதுக்குச் சிரமம்" என்று வந்தது, அன்றைக்கும் போய்விட்டாள். மூன்றாம் நாள், "சரி, கொஞ்சமா குடு" என்றான். நான்காம் நாள் மறுபடி வேண்டாம் என்றான். இப்படியே மூன்று நாளைக்கு ஒரு வேளை சாப்பிட்டுக்கொண்டு ஹெல்மர் ஓப்டால் எண்பத்தொரு வயதுவரை ஆரோக்கியமாக இருந்தான். கார்ஸ்டன் மாவட்டத்தில் யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் வாளியில் ஓட்டிலியா மூன்று நாளைக்கான உருளைக்கிழங்கும் தொத்திறைச்சியும் வைத்து, ஆறாமல் இருக்கத் துணி சுற்றி இறக்குவாள். அவன் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, வாளியைக் கழுவி, துணியை மடித்து உள்ளே வைத்து, கயிற்றை இரண்டு தடவை இழுப்பான்.